கட்டிலடிக்கு வராத செவலை

9-11-56, வெள்ளி

காலையிலிருந்து தூறல். வாங்க: மண்ணெண்ணெய், தவிடு, கருவாடு (நாய்க்கு). தபாலாபீஸ் வேலைக்குப் போட்ட லீவு இன்னும் மூன்று நாள்.

படுக்கையறைப் பரண் சரிந்து கடலை மூட்டை செல்லம்மாள் மேல் விழுந்து இன்றோடு ஒன்பது நாள். பரணுக்கு முட்டுக் கொடுங்கள் என்று ஆடியிலிருந்தே சொன்னாள். இடுப்பெலும்பில் விரிசல். ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது. கட்டிலையும் நகர்த்தக் கூடாது என்று டாக்டர்.

அவளால் அறையை விட்டு வர முடியாது. செவலை அறைக்குள் வர மாட்டேன் என்கிறது. ஐந்து வருஷமாக அவள் கட்டிலடியில் கிடந்த நாய். இப்போது வாசல் வேப்பமரத்தடியில்.

மத்தியானம் கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"செவல சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு." பொய்.

10-11, சனி

மழை இல்லை. கருவாட்டுச் சோறு. தட்டு முதலில் கூடத்தில். பிறகு ஒரு முழம் தள்ளி. பிறகு அறை நிலைப்படி ஓரம். வாயில் எச்சில் ஒழுகுகிறது, கால் வரவில்லை. கெஞ்சினேன். கடைசியில் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். நடுங்கி மூத்திரம் விட்டுவிட்டது. விட்டேன். தரையைத் துடைத்தேன்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா: "மூட்டை விழுந்த சத்தத்துல பயந்திருக்கும்ணே. துன்னூறு வாங்கிப் பூசுங்க."

சத்தம் காரணம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். மரியாதைக்குச் சொல்கிறாள்.

எழுதிவிடுகிறேன். அன்று செல்லம்மாள் மூட்டைக்கடியில் கிடந்தாள். செவலை குறுக்கே நின்று யாரையும் நெருங்க விடவில்லை. என்னிடமே பல்லைக் காட்டியது. உடைந்த பரண் சட்டத்தை எடுத்து அடித்தேன். மூன்றடி. இரண்டாவது அடியிலேயே விலகிவிட்டது. மூன்றாவது எதற்கு?

11-11, ஞாயிறு

செல்லம்மாளுக்கு லேசாகக் காய்ச்சல். இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான்.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அவளும் கூப்பிட்டாள். வந்தது! முன்கால் இரண்டும் நிலைப்படிக்கு இந்தப் பக்கம். அவள் போர்வையை இழுத்துவிடக் கையைத் தூக்கினேன். ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டது.



"ரூமுக்கு மட்டும் பயப்படலங்க. ரூமுக்குள்ள நீங்க இருக்கீங்கல்ல, அதுக்குப் பயப்படுது." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னிக்கு எனக்கு நெனப்பு இருந்துச்சு. எல்லாம் பாத்தேன்."

போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டேன்.

"நாளைக்கு கொஞ்ச நேரம் அங்கிட்டுப் போயிருங்களேன்."

12-11, திங்கள்

ராக்கம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடை. ஒரு மணி நேரம். புதுக்கோட்டை பஸ் இரண்டு போயிற்று.

திரும்பும்போது ராக்கம்மா வாசலிலேயே மறித்தாள். "அங்கிட்டே நில்லுங்கண்ணே. உள்ள போயிருச்சு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலடியில் செவலை. அதன் தலைமேல் அவள் கை. பக்கத்தில் காலிக் கஞ்சிக் கிண்ணம். என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தாள் அதனிடம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்து வேளை. அவளைப் புரட்டிப் படுக்கவைக்க ராக்கம்மா ஒருத்தியால் ஆகாது. உள்ளே போனேன். செவலை என் காலோரம் பாய்ந்து வெளியே ஓடிற்று. அவள் கை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா," என்றாள்.

13-11, செவ்வாய்

லீவு முடிந்து வேலைக்கு வந்தாயிற்று. மூன்று மணிக்கு ராக்கம்மா ஸ்டாம்பு வாங்குகிற சாக்கில் வந்து சொன்னாள்: "காலையிலேருந்து ரூமை விட்டு வரலண்ணே. ரெண்டும் தூங்குது."

ஆபீஸ் பூட்டி அரை மணி நேரம் ஆயிற்று. படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் போனால் அது எழுந்து ஓடிவிடும். போகாவிட்டால் அவளைப் புரட்டி மருந்து யார் கொடுப்பது? சாக்குச் சொல்ல, மத்தியானம் பிடித்த மழைகூட விட்டுவிட்டது.