வாசல் வேப்பிலை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
12-3-72

பூங்காவனத்தின் அப்பாவுக்கு,

தறியில் சேலைக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க ஆளில்லை, பிள்ளையை ஆரணிக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள்.

வீடு வீடாக வந்து பிள்ளைகளுக்குக் கண் மருந்து ஊற்றும் நர்ஸம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். "பொழுது சாஞ்சா கொழந்த தடுமாறிக்கினு இருக்குதுபா. தறியிலேர்ந்து எழுப்பி வுடு, கீரை குடு, அடுத்த வாரம் மருந்தோட வர்றேன்" என்றார். தறி நின்றுவிடுமே என்று, அம்மை போட்டிருப்பதுபோல் நீங்கள் வாசலில் வேப்பிலை செருகினீர்கள். வந்தவர் படியேறவில்லை. "நாலு வீட்டுப் பிள்ளைங்களத் தொடறவ நான். தண்ணி ஊத்தினதும் சொல்லி அனுப்புமா" என்று தெருவோடு திரும்பிப் போனார். சொல்லி அனுப்ப நீங்கள் விடவில்லை.

நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு நானே ஓடிப்போய் அழைத்து வந்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தார். மருந்தை ஊற்றிவிட்டு, "ஒடம்புக்கு ஆவும்மா" என்று மட்டும் சொன்னார். இப்போதும் வருகிறார், பிள்ளையின் கையைப் பிடித்துக் கிணற்றடிவரை நடக்கப் பழக்குகிறார்.

நேற்று உச்சி வெயிலில் பிள்ளை கேட்டது, "இன்னும் வெளக்கு ஏத்தலியாமா?"

வந்து அழைத்துப் போங்கள். கரை என்ன நிறம் என்று அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.

அந்த வேப்பிலையை இன்னும் எடுக்காதவள்