நூற்புழுவின் மூக்கு

3-6-87, புதன்
ஓடுகின்றன! காப்பி வேரைத் தின்னும் நூற்புழுக்கள் ஓடுகின்றன! கடல்பாசி உறையவைத்த கண்ணாடித் தட்டின் ஓரத்தில் செண்டுமல்லி இலைச்சாறு ஒரு சொட்டு, நடுவில் புழுக்கள். அரைமணி கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அத்தனையும் எதிர்ப்பக்கம்! சளியோடு தைலமும் கையுமாய் உட்கார்ந்ததற்குப் பலன். நாற்றுப்பண்ணை அருக்காணி அக்காவுக்கும் காட்டினேன்.
"ஏனுங்க அம்மிணி, கண்ணுக்கே தெரியாததுக்கு மூக்கு எங்கீங்க இருக்குது?"
தெரியவில்லையே! ஆனால் மோப்பம் பிடிக்கிறது.

4-6
ஏழு தட்டு. ஏழிலும் ஓட்டம்.

5-6
ஆய்வுக்கூடத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் சார் பார்த்தார். "பலே லூர்து! இன்னைக்கே மேலிடத்துக்கு எழுதிடறேன். இந்த மாசத்தோட உன்னை நிறுத்தறேன்னவங்க, இனி எப்படி நிறுத்தறாங்கன்னு பார்ப்போம்." இரண்டு வருடத் தினக்கூலி நான். தரையில் கால் பாவவில்லை.

7-6, ஞாயிறு
பூசையில் சாமியார் என்ன சொன்னாரோ! என் தலைக்குள் புழு ஓடிக்கொண்டிருந்தது.

8-6
அட கடவுளே. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர்ச் சொட்டுத் தட்டையும் அன்றே வைத்திருக்க வேண்டும். அவசரக்குடுக்கை! இன்று வைத்தேன் — தண்ணீரைக் கண்டும் ஓடுகின்றன. தண்ணீருக்கு ஏது வாசம்?
அருக்காணி அக்கா தட்டை முகர்ந்தார். "இதென்னுங்க, நொம்பத் தைல நாத்தம்?"
என் விரல்! சொட்டுக் குழாயின் முனையை விரலால்தானே துடைக்கிறேன்.
சோப்புப் போட்டுக் கழுவி எல்லாவற்றையும் மறுபடி வைத்தேன். தண்ணீருக்கு அசையவில்லை. செண்டுமல்லிக்கும் அசையவில்லை. யூகலிப்டஸ் தைலத்துக்கு — தலைதெறிக்க ஓட்டம்! வேலை போச்சு. அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. மலை முழுக்க அந்த மரம்தானே நிற்கிறது!

9-6
சாரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போயிற்று.
"கடுதாசி போயிருச்சேம்மா. நீ சும்மா இருந்திருக்கலாமில்ல?"
"தோட்டக்காரங்க செண்டுமல்லியை நட்டு ஏமாந்துட்டா, சார்?"
தப்பு என்னுடையது என்று மேலிடத்துக்கு நானே எழுதினேன், தைலத் தட்டுகளின் கணக்கோடு. ஒண்டிக்கடை முக்குக்கு நடந்துபோய்த் தபாலில் போட்டேன். பயமா இருக்கு. நல்லா பயமா இருக்கு.

17-6
பதில் இல்லை. தைலத்தை மண்ணில் கலந்தால்? பத்துத் தொட்டி வைத்தாயிற்று. என்னை அனுப்பிவிட்டால் யார் பார்ப்பார்கள்?

30-6
சாயங்காலம் சார் கூப்பிட்டார். கையில் மேலிடத்துக் கடிதம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
"கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. நாளைக்கு லீவு எழுதிக் கொடுத்துட்டு ஊட்ல தூங்கும்மா."
"தினக்கூலிக்கு ஏதுங்க சார் லீவு?"
"இனி உனக்கு உண்டும்மா."
லீவு யாருக்கு வேண்டும்! நாளைக்குப் பதினோரு தட்டு ஊற்றி வைத்திருக்கிறேன்.