எட்டாம் கட்டம்

ஜூன் 25, வியாழன்

வெயில் இன்னும் குறையவில்லை. இ-சேவை மையத்தில் காலையிலிருந்து சர்வர் மந்தம். வாசல் வரை வரிசை. எல்லோருக்கும் என்மேல்தான் கோபம்.

சாயங்காலம் சபையில் ஞானஸ்நானப் படிவம் கொடுத்தார்கள். ஞாயிறன்று எனக்கு. ஜனவரியிலிருந்து கேட்டுக்கேட்டுக் கிடைத்த நாள். பெயர், வயது, முகவரி, எல்லாம் எழுதியாயிற்று. எட்டாம் கட்டம்: இரட்சிக்கப்பட்ட தேதி.

தேதியா? வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சும்மா போய்ச் சபையில் உட்கார்ந்தேன். அப்புறம் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பார்த்தால் நம்பிக்கொண்டிருந்தேன். இதில் எந்த நாளை எழுத?

பாஸ்டரிடம் கேட்டேன். "தேதி தெரியலன்னா இரட்சிப்பு நிச்சயம் இல்லன்னு அர்த்தம் சிஸ்டர். நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. எரிச்சலில் போன டிசம்பரில் வாய்க்கு வந்த ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

வாங்க வேண்டியது: ரவை, சோப்பு, மாற்றுத் துணி வைக்க ஒரு பை.

மத்தியானம் பாஸ்டரம்மா போன். "தேதி பார்த்தேன்மா. அன்னிக்கு கார்த்திகை தீபம். ரோடெல்லாம் அடைச்சி வெச்சிருந்தாங்க, நம்ம சபையில கூட்டமே நடக்கல. நீ எங்க போய் இரட்சிக்கப்பட்ட?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பொய்க்குப் போய் தீபத் தேதியா கிடைக்கும்! "தப்பா எழுதிட்டேங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியான தேதி வேண்டுமாம்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் தேதிகளாக வருகிறது. பாஸ்டர் சொல்வது நிஜமோ? இத்தனை நாள் விசுவாசம் என்று நினைத்தது வெறும் பழக்கமோ? பயமாக இருக்கிறது. கிருபை இலவசம், இலவசம் என்று வாராவாரம் பிரசங்கம். வாங்கிக்கொண்டால் ரசீது கேட்கிறார்கள்.

ஜூன் 27, சனி

தலைவலி. ரவை வாங்க மறந்தேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மா, ஆதார் திருத்தத்துக்கு. பிறந்த தேதி கேட்டேன். தெரியாதாம். சர்டிபிகேட்டும் கிடையாதாம். "தேதி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று கத்திவிட்டேன்.

அந்த அம்மா அசரவில்லை. "இன்னாத்துக்குக் கத்துற? தேதி தெரியலன்னா நான் பொறக்கலன்னு ஆயிடுமா? எதிர்லதான நிக்கிறேன். சீக்கிரம் போடு. மல்லாட்டை காயப் போட்டுட்டு வந்திருக்கேன், பஸ்ஸு போயிடும்."

வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை அப்படியே கீபோர்டில் நின்றுவிட்டது.

வழக்கம்போல ஜனவரி ஒன்று போட்டு அனுப்பினேன். எங்கள் மையத்தில் தேதி தெரியாதவர்கள் எல்லோரும் ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள். தினமும் இப்படி யாரையாவது நிற்கவைத்துக் கத்துகிறேன். பாஸ்டரை மட்டும் குறை சொல்லி என்ன?

ஜூன் 28, ஞாயிறு

நாளைக்குப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் இன்றைக்கே. ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் நடை. ஞானஸ்நானம் சபையார் ஒருவரின் நிலத்தில், பம்ப்செட் தொட்டியில்.

புதுப் படிவம் வாங்கி, எட்டாம் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன். பாஸ்டர் பார்த்தார். "தேதி?"

"தெரியாதுங்க. மொதல்ல எழுதினது பொய், மன்னிச்சிடுங்க. ஆண்டவர் என்னை எப்பப் புடிச்சாருன்னு தெரியல. இன்னும் விடலன்னு தெரியும்."

படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த முறை பாத்துக்கலாம் சிஸ்டர்." மெதுவாகத்தான் சொன்னார்.

மூன்று பேர் தொட்டியில் இறங்கினார்கள். மூவருக்கும் தேதி இருந்தது. ஓரத்தில் நின்று நானும் பாடினேன்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். புடவையும் துண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. உட்கார்ந்து அழுதேன். கோபம், அவ்வளவும் கோபம்தான். வெள்ளிக்கிழமைப் பயம் இன்னும் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். காணோம்.