பதினொரு செக்கன்

அன்பு மகன் றொக்சனுக்கு,

மாதாவின் துணையால் நானும் அம்மாவும் தங்கச்சி றொஷினியும் சுகம், றெஜைனாக் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் பயிற்சி செய்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பொலிஸ் பள்ளிக்கூடத்தில் சோறு தருகிறார்களோ என்று அம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்கிறா, எனக்கு எப்படித் தெரியும், நீதான் எழுத வேண்டும். ஃபோனில் கதைத்தால் ஓம் அப்பா ஓம் அப்பா என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவாய், அதுதான் கையால் எழுதுகிறேன். இங்கே பெரிய புதினம் இல்லை. நிலவறைக் குழாய் திரும்பவும் ஒழுகியது, நானே கட்டிவிட்டேன். றொஷினி அதைப் பார்த்துவிட்டு, அப்பா இது குழாயோ காயம்பட்ட காலோ என்று கேட்கிறாள்.

உனக்கு மறைத்த சங்கதி ஒன்று இருக்கிறது. போன தை மாதம் வேலை முடிந்து புவாண்ட்-கிளேரிலிருந்து வரும்போது பொலிஸ் என் காரை மறித்தது. பின் லைட் ஒன்று எரியவில்லையாம். இந்த நாட்டுக்கு வந்த முப்பது வருடத்தில் என்னை மறித்தது அதுதான் முதல் தரம். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காருக்குள் இருக்க வேண்டும் என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய், அந்த நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமியின் சென்றிப் பொயின்ற்றில் செய்வதையே செய்தேன். அங்கே ஆமிக்காரன் சொல்ல முதல் இறங்கி அடையாள அட்டையைக் கையில் எடுக்க வேண்டும், பிந்தினால் அடி விழும். நானும் டக்கென்று இறங்கி, கோட்டின் சிப்பை இழுத்துத் திறந்து, சுவெற்றருக்குள் கையை விட்டு, சட்டைப் பையில் லைசென்ஸைத் தேடினேன். உன் வயதுப் பிள்ளை ஒருத்தி, பொலிஸ், இடுப்புத் துவக்கில் கையை வைத்தபடி முதலில் பிரெஞ்சிலும் பிறகு இங்கிலீஷிலும் கத்தினாள். அவள் கத்தக் கத்த நான் இன்னும் கெதியாகத் தேடினேன். அட்டை வெளியே வந்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். இனி ஒருநாளும் இப்படிச் செய்யாதீர்கள் ஐயா என்றாள். தண்டம்கூட எழுதவில்லை. அம்மா ஏசுவா என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

வேலையில் என் பக்கத்து மேசையில் பெட்டி ஒட்டும் செலீனை உனக்குத் தெரியும், உன் பிறந்தநாளுக்கு அன்னாசிக் கேக் தந்துவிட்ட ஹெயிட்டிக்கார அம்மா. மூன்று வருடத்துக்கு முன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் அவவின் மகனைப் பொலிஸ் சுட்டுவிட்டது. பட்டப்பகல், இருபத்திநாலு வயது, வேலைக்கு நடந்து போன கறுப்புப் பிள்ளை. எங்கேயோ களவு என்று யாரோ அடித்த ஃபோனுக்கு வந்தவர்கள் இவனை மறித்தார்கள். அவன் கோட்டுக்குள் கையை விட்டான். கையில் இருந்தது வேலைக்காட், வேலையிடத்து அடையாள அட்டை. பொலிஸ் சுட்டால் விசாரிக்க இங்கே தனி அலுவலகம் இருக்கிறது, அவர்கள் விசாரித்துக் கொடுத்தார்கள், வழக்குப் போடச் சாட்சி காணாது என்று அரச வழக்கறிஞர் சொல்லிவிட்டார். இப்போது கொறனரின், அதுதான் மரண விசாரணை அதிகாரியின், பகிரங்க விசாரணை நடக்கிறது. ஏன் செத்தான், இனி எப்படித் தடுக்கலாம் என்று அவர் சொல்வாராம், யார் குற்றவாளி என்று மட்டும் சொல்லமாட்டாராம். அப்போ அதை யார் சொல்வது என்று செலீனிடம் கேட்டேன். அவவுக்கும் தெரியவில்லை. உனக்குப் படிப்பித்திருந்தால் எழுது.

விசாரணையில் தனியே இருக்கப் பயமாயிருக்கிறது என்று செலீன் கேட்டதால் இரண்டு நாள் லீவு போட்டு அவவோடு போய் இருந்தேன். அந்த ஊரில் யாரை எத்தனை தரம் மறிக்கிறார்கள் என்ற கணக்கை ஒரு பேராசிரியர் வாசித்தார், அங்கே இருக்கிற தொகைக்கு மிஞ்சிக் கறுப்பு ஆட்கள்தான் மறிபடுகிறார்கள். சுட்ட பொலிஸ்காரரும் வந்து இருந்தார். நிறம் என் மனதிலேயே வரவில்லை, எனக்கு நேரம் இருக்கவில்லை என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அதுதான் மகன் என் தலையைக் குடைகிறது. மனதில் வராதது கைக்கு எப்படிப் போகிறது? கடைக் கமராவில் பார்த்தால், கையைக் காட்டு என்று சொன்னதிலிருந்து வெடி வரைக்கும் மூன்று செக்கன். எனக்கு அந்தப் பொலிஸ் பிள்ளை எத்தனை செக்கன் தந்தாள்? நான் நரைத்த கிழவன் என்றோ? மண்ணிறம் என்றால் வேறு கணக்கோ? அல்லது அவளுக்கு நல்லாகப் படிப்பித்தார்களோ? அறிய ஆசையாக இருந்தது.

சனிக்கிழமை கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு குசினியில் நின்று, அன்றுபோல லைசென்ஸைத் தேடி எடுக்க எவ்வளவு செல்லும் என்று அம்மாவை ஃபோனில் நேரம் பார்க்கச் சொன்னேன். விசர் பிடிச்சிட்டுதோ எண்டு கேட்டா, கேட்டுக்கொண்டே பார்த்தா. பதினொரு செக்கன். அப்போதுதான் தை மாதக் கதையைச் சொன்னேன். அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அழுதா. திங்கட்கிழமை செலீனுக்கும் சொன்னேன். செய்து காட்டச் சொன்னா. சாப்பாட்டு அறையில் எழும்பி நின்று செய்தேன். அவ பிரெஞ்சில் சத்தமாக எண்ணினா. மூன்றோடு நிறுத்திவிட்டா. என் கை அப்போதும் கோட்டின் சிப்பில்தான் இருந்தது.

எனக்கு நடந்ததை எழுதித் தந்தால் கொறனரிடம் கொடுக்கலாம் என்று செலீனின் வழக்கறிஞர் கேட்கிறார். பெடியன் பொலிசுக்குப் படிக்கேக்கை தேப்பன் இப்பிடி எழுதிக் குடுக்கிறதோ, அவனுக்கு இடைஞ்சல் வராதோ எண்டு அம்மா பயப்படுகிறா. எனக்கும் பயம்தான். ஆனால் நான் எழுதப்போவது பொலிசுக்கு எதிராக இல்லை. அந்தப் பிள்ளை பொறுத்தாள், நான் இருக்கிறேன், அவ்வளவுதான். வியாழக்கிழமை கொடுக்கப்போகிறேன், உன்னிடம் கேட்காமல் முடிவெடுத்ததற்குக் கோபிக்காதே.

நீயும் ஒருநாள் யாரையோ மறிப்பாய், அவனும் பையில் கை வைப்பான். நீ உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதான் என் முதல் செபம், அவனும் போகவேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் இடமிருக்கிறதோ என்று உன் வாத்தியாரிடம் கேள், அவர் சொன்னதை அப்படியே எழுது. அந்தோனியார் உன் கையைக் காப்பாராக. ஞாயிறு பூசையை விடாதே, காலுறையை ஈரத்தோடு போடாதே.

உன்னை நினைத்தபடி,
அப்பா
அருமைராசா

பி.கு.: அம்மா என் லைசென்ஸைக் கோட்டின் வெளிப்பைக்கு மாற்றிவிட்டா. காருக்குள் கையை ஆட்டாமல் இருக்கவும் பழகுகிறேன், பழைய பழக்கம் வந்துவிட்டால் என்று லைசென்ஸைக் கெதியாக எடுக்கவும் பழகுகிறேன். இப்போது நாலு செக்கனில் எடுக்கிறேன். இன்னும் ஒரு செக்கன் குறைக்க வேண்டும்.