பிறேக்கில் பிழை இல்லை

வில்,
சுவிஸ்.
18.10.1996

அன்புள்ள மகன் சுஜிதனுக்கு அப்பா எழுதுவிப்பது. இங்கே நானும் உன் அக்கா பிரியதர்சினியும் அத்தானும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே கனடாவில், எட்மன்ரனில் நீயும் மருமகள் மயூரியும் அப்படியே இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். மனம் எப்படி என்று கேட்டாயானால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். அம்மா இருந்தவரை அவள் எழுதினாள். அவள் போன பிறகு எங்கள் கோவில் செயலாளர் நித்தியானந்தன்தான் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறான். இன்றைக்கு அக்கா, வேலைக்குப் போக முன்னம் நானே எழுதித் தாறன் அப்பா, ஏன் அந்த மனிசனுக்குக் கரைச்சல் குடுக்கிறியள் என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, இதை நித்தியானந்தன் கையால்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்பது பின்னுக்கு வரும்.

உன் கடிதத்தையும் அவன்தான் வாசித்துக் காட்டினான். புரட்டாதியில் நான் போட்ட கடிதத்தைப் பார்த்து, பேசி வைத்திருந்த செவர்லே பிக்கப்பை விட்டுவிட்டாய் என்றும், அதை வேறொருவன் கொண்டுபோய்விட்டான் என்றும், கூரை வேலைக்கு ஏணி பலகை ஏற்ற வழியில்லாமல் இன்னொருத்தன்ர வண்டியிலை தொங்கித் திரியிறன், இனிப் பனி வரப்போகுது என்றும் எழுதியிருந்தாய். அதோடு, சின்னனிலை எங்களுக்குச் சோறு தீத்தேக்கையும் செவர்லே கதை சொன்ன மனிசன், இப்ப அமெரிக்கன் வண்டிக்குப் பிறேக் சரியில்லை, வாங்காதை எண்டு எழுதுறியளே, உங்களுக்கு என்னப்பா நடந்தது என்றும் கேட்டிருந்தாய். அந்த இடத்தில் நித்தியானந்தன் வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் சன்னலைப் பார்த்தேன். மகன், அந்தக் கடிதத்தில் நான் எழுதுவித்தது பொய். பெற்ற பிள்ளைக்குப் பொய் சொல்லி உன் வேலையையும் கெடுத்துவிட்டேன்.

முதலில் வண்டியைப் பற்றிய உண்மையைச் சொல்கிறேன், பிறகு என்னைப் பற்றியதைச் சொல்கிறேன். பதினாறு வயதில், உலக யுத்தம் முடிய வெள்ளைக்காரன் விட்டுப்போன செவர்லே லொறியில் கிளீனராக ஏறியவன் நான். எழுத்துத் தெரியாவிட்டாலும் வண்டிகளின் முகம் தெரியும். முட்டை வடிவம் என்றால் போர்ட், சரிந்த சிலுவை என்றால் செவர்லே, செம்மறிக்கடாத் தலை என்றால் டொட்ஜ். நீர்ப்பாசன இலாகா எஞ்சினியரின் செவர்லே பிக்கப்பைப் பதினொரு வருஷம் ஓடினேன். கியர்த்தடி ஸ்ரியறிங்கின் கழுத்தில் இருக்கும், கிளச் இரும்பு மாதிரி, முழுக்காலையும் கொடுத்து மிதிக்க வேண்டும். வாய்க்கால் கட்டால் போகும்போது எஞ்சினியர் நித்திரை கொள்ளுவார், ஒருநாளும் குலுக்கி எழுப்பியதில்லை. போர்ட்காரன் நல்ல வேலைக்காரன். பொனற்றைத் திறந்தால் ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை செய்யலாம். ஆனால் இந்த வருஷத்துப் புதுசைப் படத்தில் பார்த்தேன், தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி மூலையெல்லாம் உருட்டி வைத்திருக்கிறான், மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு ஏன் அந்த வழுவழுப்பு. டொட்ஜ்காரன் இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தி லொறியின் மூக்கைக் கொண்டுவந்து பிக்கப்புக்கு ஒட்டினான், முதலில் சிரித்தேன், இப்போது பார்க்கப் பார்க்க அதுதான் முகம் என்று படுகிறது. செவர்லேயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, கதவு சாத்துகிற சத்தத்திலேயே மனம் ஆறும். மூன்று பேருக்கும் ஒரு குறை உண்டு. பெற்றோலைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும், வேலை வண்டிக்குள்ளே கம்பளம் விரித்து விறாந்தை ஆக்குகிறார்கள். யப்பான் வண்டி காலையில் ஒரே திருப்பில் எழும்பும், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனாலேயே அதைப் பற்றிக் கதைக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் பிறேக் சரியில்லை என்று ஐம்பது வருஷத்தில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. ஆவணி மாதம்தான் சொன்னேன்.

பக்கத்துப் புளொக்கில் இருக்கிற சுவிஸ்காரர் ஹன்ஸ்ரூடியைப் பற்றி முன்பு எழுதுவித்திருக்கிறேன். இரண்டு மாரிக்கு முந்தி மூன்றாம் மாடியில் படுத்திருந்த எனக்கு எட்டுச் சிலிண்டர் சத்தம் கேட்டு, செருப்போடு பனிக்குள் இறங்கி ஓடினேனே, அந்த மனிசன். அவருடையது எழுபத்திரண்டாம் ஆண்டுச் செவர்லே பிக்கப், பச்சை நிறம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய பாஷை தெரியாது. பொனற்றுக்குள் கையைக் காட்டி ஒவ்வொரு சாமானின் பெயரையும் சொல்லிச் சொல்லியே சிநேகம் ஆனோம். தியாகலிங்கம் என்பது அவர் வாயில் வராது, என்னை லிங்கம் என்றுதான் கூப்பிடுவார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்கும் வந்து கடைசி வரிசையில் இருந்து வடை சாப்பிட்டுவிட்டுப் போவார்.

எங்கள் கோவில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் பழைய பண்டகசாலை, தேர் இல்லை. இந்த முறை ஆவணித் திருவிழாவுக்கு அம்மனை வண்டியில் வைத்து வீதிக்குக் கொண்டுபோகப் பொலிசில் அனுமதி கிடைத்தது. எந்த வண்டி என்று கூட்டத்தில் கதை வந்தது. தலைவர் குணசேகரம் தன் வேலையிடத்து யப்பான் வான் வண்டியைச் சொன்னார். நான் எழும்பி, அம்மன் என்ன வேலைக்கோ போறா, ஊர்வலம் போறா, பெரிய எஞ்சின் வேணும், ஆமை மாதிரி ஊர வேணும், குலுங்கக் கூடாது என்றேன். குணசேகரம், தியாகண்ணைக்கு அமெரிக்காவிலை செய்தது மட்டும்தான் வண்டி, மற்றதெல்லாம் சைக்கிள் என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் என் சொல்தான் எடுபட்டது. ஹன்ஸ்ரூடி இரண்டு நாள் லீவு எடுத்து வண்டியைக் கழுவி மினுக்கிக் கொண்டுவந்தார். பங்குனியில்தான் அது அரசாங்கப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. இரண்டு பக்கமும் வாழை கட்டி, கதவுக் கண்ணாடிகளையும் பின் கண்ணாடியையும் சிவப்புப் பட்டால் மூடி, முன் கண்ணாடியில் மாவிலை நெருக்கித் தொங்கவிட்டு, பின்னுக்கு அம்மனை இருத்தினோம். குருக்கள் பக்கத்தில் நின்றார். முன்னுக்கு ஹன்ஸ்ரூடியும் வழி காட்ட நானும் மட்டும். உள்ளே இருப்பவர் யார் என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த நேரம் எனக்கு ஆசை பிடித்தது. முற்றத்திலிருந்து வாசல் வரைக்கும் நான் ஓடட்டோ என்று கையால் கேட்டேன். அமெரிக்கன் பிக்கப்பில் முன் சீற் பெஞ்சு மாதிரி ஒரே நீள வாங்கு, அவர் சிரித்துக்கொண்டு என் பக்கம் அரக்கி நகர்ந்தார், நான் அவருக்கு மேலால் ஏறி அந்தப் பக்கம் போனேன். லங்சாம் லிங்கம் என்றார், மெதுவாக என்று அர்த்தம். அது ஓட்டோமற்றிக். கிளச் கிடையாது. அது எனக்குத் தெரியாதது இல்லை, ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்துகிறவனே நான்தான். நாதஸ்வரம் தொடங்கியது, வண்டி பால் ஊற்றினது மாதிரி நகர்ந்தது. முற்றத்து முடிவில் ஒரு சின்ன ஏற்றம், கொஞ்சம் பெற்றோல் கொடுத்தேன், எஞ்சின் சத்தம் ஏறியது. அந்தச் சத்தம் கேட்டதும் என் காது இரண்டாம் கியர் கேட்கிறது என்றது. தடியும் எஞ்சினியரின் வண்டியில் இருந்த அதே இடத்தில், ஸ்ரியறிங்கின் கழுத்தில். கை அங்கே போனது, இடது கால் முழுப்பலத்தோடு கிளச்சை மிதித்தது. அங்கே இருந்தது கிளச் இல்லை, அகலமான பிறேக். வண்டி அந்த இடத்திலேயே ஆணி அடித்தது மாதிரி நின்றது. பின்னுக்குக் குருக்கள் தன்னைப் பாராமல் இரண்டு கையாலும் அம்மனைக் கட்டிப்பிடித்தார், முகம் போய் வண்டியின் முன்கூரையில் அடித்து முன்பல் ஒன்று உடைந்தது. அம்மனின் கிரீடம் கழன்று தாரில் உருண்டு ஆட்களின் காலுக்குள்ளே போனது. அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

ஹன்ஸ்ரூடி ஒரு கணம்தான் என்னைப் பார்த்தார். வாசலில் பொலிஸ் நின்றது. எனக்கு இந்த நாட்டு லைசன்ஸ் இல்லை, அதற்கு எழுத்துப் பரீட்சை, எழுத்துக்கு நான் எங்கே போவது. இந்த நாட்டில் இருக்கிறதுக்கான விசாக் காட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிற நேரம் வேறு. அதெல்லாம் அவருக்குத் தெரியும். தடியைத் தள்ளி வைத்து, என் நெஞ்சில் கையை வைத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, தான் ஏறி ஸ்ரியறிங்கில் இருந்தார். ஆட்கள் பட்டை விலக்கிக் கதவைத் திறந்தபோது அங்கே இருந்தது அவர். பிறெம்ஸ, பிறெம்ஸ என்று தன் பாஷையில் சொல்லிப் பிறேக்கைக் காட்டி, பழசு, மன்னியுங்கோ என்பது மாதிரிக் கையெடுத்தார். சொந்த வண்டியைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்ல அந்த மனிசனுக்கு நெஞ்சு எவ்வளவு எரிந்திருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், மகன். வேறு யாருக்கும் அது விளங்காது.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மனை ஆட்கள் தோளில் சுமந்து முற்றத்தை ஒருமுறை சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். வீதிக்குப் போகவில்லை. பிறகு கூட்டத்தில் குணசேகரம், மாடு தின்னுறவன்ர வண்டியிலை அம்மனை ஏத்தினால் வேறை என்ன நடக்கும் என்றார். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். தியாகண்ணை, நீங்கள்தானே கொண்டுவந்தனியள், என்ன சொல்லுறியள் என்று என்னைக் கேட்டார். அமெரிக்கன் வண்டி எண்டால் அப்பிடித்தான், பிறேக்கை நம்பேலாது என்று சொன்னேன். அவ்வளவு பேருக்கும் முன்னால் என் வாயால் சொன்னேன். இனிமேல் கோவிலுக்கு வரவேண்டாம் என்று ஹன்ஸ்ரூடிக்கு ஜேர்மன் பாஷையில் கடிதம் போனது. இப்போது எங்கள் பிள்ளைகள் அந்த வண்டியைக் கண்டால் அம்மனை விழுத்தின வண்டி என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அவர் சனிக்கிழமைகளில் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார், என்னைக் கண்டால் முந்தின மாதிரியே கையைத் தூக்குவார். ஒருநாள் என்றாலும் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். நான் இப்போது பின் வாசலால் போய் வருகிறேன். அந்த நாட்களில்தான் பிக்கப் வாங்கவோ என்று உன் கடிதம் வந்தது. எழுதுகிறவன் கூட்டத்தில் இருந்தவன், அவனுக்கு முன்னால் செவர்லேயை நல்லது என்று சொல்லப் பயந்து உனக்கும் அதே பொய்யை எழுதுவித்தேன்.

இந்த இடத்தில் நித்தியானந்தன் பேனையை மேசையில் வைத்துவிட்டான். அண்ணை, அப்ப அண்டைக்கு ஓடினது நீங்களோ என்று கேட்கிறான். ஓம் என்றேன். அப்ப நான் அந்த மனிசனுக்கு எழுதின கடிதம் என்கிறான். ஜேர்மன் கடிதத்தை எழுதியதும் இதே கைதான். எழுது தம்பி, நீ கேட்டதையும் எழுது, நான் சொன்னதையும் எழுது என்றேன். தேத்தண்ணி ஆறிக் கிடக்கிறது.  இப்போதுதான் பேனையைத் திரும்ப எடுத்திருக்கிறான். அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, மகன், அதனால்தான் உனக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னேன். இதிலும் நான் நேர்வழியால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டம் இருக்கிறது. அதில் இந்தக் கடிதத்தை முழுக்க வாசி என்று சொல்லியிருக்கிறேன். அவன், ஏன் அண்ணை எல்லாருக்கும் முன்னாலை, குணசேகரத்தாருக்கு மட்டும் காதோடை சொல்லுவம், உங்கடை காட் விஷயமும் கிடக்குது என்கிறான். வண்டியை எல்லாருக்கும் முன்னால்தானே பிழை சொன்னோம் என்று கேட்டேன். நாளைக்குக் காலையில் நாங்கள் இருவரும் ஹன்ஸ்ரூடியிடம் போகிறோம். இந்த முறை முன் வாசலால். அவன் ஜேர்மனில் சொல்வான், நான் பக்கத்தில் நிற்பேன். குருக்களின் காலிலும் விழ வேண்டும், அவர் இன்னும் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறார். உனக்கு இது கிடைக்கும்போது வில்லில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். யாராவது உனக்கு ரெலிபோன் எடுத்து, உன்ர கொப்பர் இப்பிடிச் செய்துபோட்டார் என்று சொன்னால் ஓம் என்று சொல், எனக்காக வாதாட வேண்டாம்.

மயூரியைக் குளிருக்குக் கவனமாகப் பார்த்துக்கொள். கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே. நீயும் அவளும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மன் என் பிழைக்கு உங்களில் கோபிக்க மாட்டா. பனிக்கு முன்னம் ஒரு செவர்லேயைப் பார்த்து எடு, பிறேக் நல்ல பிறேக். ஓட்டோமற்றிக் என்றால் ஏறி இருந்தவுடன் இடது காலை மடித்து சீற்றுக்குக் கீழே வைத்துவிடு, மறந்தும் வெளியில் எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
க. தியாகலிங்கம்
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)

சொல்லச் சொல்ல எழுதியது, ஒரு சொல்லும் மாற்றவில்லை: நித்தியானந்தன்