புளி வைத்த வாளி

கோலாலம்பூர்
1938 ஆவணி

என்றும் என் வணக்கத்துக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் ஐயாவின் இருமலும் எப்படி? நான் சுகம். சென்ற ஞாயிறு விடுதியில் நம்மூர்ப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழ் குடித்த எல்லாரும் வாந்தி எடுத்தோம். நானுந்தான். மாலையே தேறிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

கூழில் போட்ட நண்டு பழுதென்று சமையற்காரர் கதிரித்தம்பி அண்ணையை ஏசினார்கள்.

"உவரை நாளைக்கே அனுப்புங்கோ!" என்றார் விடுதித் தலைவர்.

"நண்டிலை பிழையில்லை, வாளியிலைதான் பிழை" என்றேன்.

கூழுக்கென்று முதல்நாளே கரைத்த புளியை அண்ணை புது வாளியில் வைத்திருந்தார். வாளியின் துத்தநாகப் பூச்சைப் புளி அரித்துவிட்டது. என் ஆய்வுகூடத்தில் சோதித்தும் காட்டினேன். அது கொடிய நஞ்சல்ல; துத்தநாகம் துளியும் இல்லாவிட்டால் எலிக்குஞ்சு வளராதென்று இப்போது கண்டிருக்கிறார்கள். மிஞ்சினால் வயிறு ஏற்காது, அவ்வளவுதான். நீங்களும் வாளியில் தண்ணீர் மட்டும் அள்ளுங்கள்.

"சோதனை கிடக்கட்டும் தம்பி, உவற்றை கூழை இனி ஆர் குடிப்பினம்?" என்கிறார் தலைவர்.

மண்பானையில் காய்ச்சட்டும், முதல் பிளாக் கூழை நானே குடிக்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். புரட்டாதி முடியும்வரை தவணை தந்திருக்கிறார்கள். இங்கே இருந்த மா முடிந்துவிட்டது. உடனே இரண்டு கொத்து ஒடியல் மா அனுப்புங்கள். கதிரித்தம்பி அண்ணை போய்விட்டால், "சாப்பிட்டியோ தம்பி?" என்று இங்கே என்னைக் கேட்க வேறு ஒருவருமில்லை.

தபாற்பை கட்டுகிறார்கள். நிறுத்துகிறேன்.

மகன்
பஞ்சலிங்கம்