பேஸ்மென்டுக்கு வந்த கோல்

நவம்பர், செவ்வாய் இரவு

எங்கட பேஸ்மென்டில வாடகைக்கு இருக்கிற திபெத்துப் பெடியன் டென்சின் பின்னேரம் மேல வந்து, "அங்கிள், ஆரும் கேட்டால் நான் சமையல் படிக்கிறன் எண்டு சொல்லுங்கோ" எண்டான்.

அவன் படிக்கிறது சரித்திரம். சீனக் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்க முன்னம், திபெத்துச் சனம் விரும்பினால் பிரிஞ்சு போகலாம் எண்டு தாங்களே எழுதி வச்சவையாம். பிடிச்ச பிறகு அந்தப் பேச்சே இல்லையாம். போன கிழமை யூனிவர்சிற்றியில அதைப் பற்றித்தான் பேசினவன். கேக்கப் போன நான் சும்மா இருந்திருக்கலாம். எழும்பி, "நான் இவன்ர வீட்டுக்காரன், தமிழன், எங்களுக்கும் உப்பிடித்தான் ஒப்பந்தம் எழுதிப்போட்டுக் கிழிச்சவை" எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் கை தட்டிச்சினம்.

இண்டைக்கு லாசாவில இருந்து தாய் போனில கோல் எடுத்திருக்கிறா. கனகாலமாப் பேசாத மனுசி. பக்கத்தில ஆரோ ஒரு ஆம்பிளை இருமிக் கேட்டதாம். என்ன படிக்கிறாய் எண்டு தாய் கேக்க, இவன்ர வாயில வந்தது சமையல்.

நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். யாழ்ப்பாணத்தில இருக்கிற அக்காவோட நானும் போனில மழையைப் பற்றித்தான் கதைக்கிறனான்.

படி இறங்கேக்கதான் மிச்சத்தைச் சொன்னான். போனை வைக்க முன்னம் தாய் கேட்டாவாம், "உன்ர வீட்டுக்காரத் தமிழர் நல்ல மனுசரோ?" எண்டு.

அவன் என்னைப் பற்றித் தாய்க்கு ஒருநாளும் சொன்னதில்லை.

வாசல் லைற்றை நிப்பாட்டினன். இண்டைக்கு மட்டும் இருட்டாக் கிடந்தால் வித்தியாசமாத் தெரியுமோ எண்டு திரும்பப் போட்டன்.